தொண்ணூறு டிகிரி

ஹைஃபா மருத்துவமனை, நான்காம் மாடி.
ஓவதியாவின் புது முழங்கால்
எழுபது டிகிரியில் நின்றுவிட்டது.
நாற்பது வருடம் பேருந்து ஓட்டிய கால்.
ஜெப ஆலயப் பக்கம் திரும்பாத கால்.

"பெரெக்கை மடக்குங்கள்" என்கிறேன்.
பெரெக் என்றால் முழங்கால்.
அதே வேரில் பெராகா, ஆசீர்வாதம்.
மண்டியிட்டவன் வாயில் பிறந்த சொல்லாம்.
அவர் காதில் ஏறவில்லை.

எண்பது. பல்லைக் கடிக்கிறார்.
எண்பத்தைந்து.
நம்பாத கடவுளை அப்படியொரு ஏச்சு ஏசினார்,
பக்கத்தில் கைப்பயிற்சி செய்தவள்
பந்தைக் கீழே போட்டுவிட்டாள்.

வேதத்தில் ஓரிடத்தில்
எழுதியவனுக்கும் கை கூசியிருக்கிறது.
தேவனைச் சபித்தல் என்று வரவேண்டும்;
பாரக் என்று எழுதிவிட்டுப் போனான்,
வாழ்த்துதல் என்று.

நானும் கோப்பில் குறித்தேன்:
தொண்ணூறு டிகிரி.
நோயாளி வாழ்த்தினார்.
உரக்க.