பாக்கியவதிக்கும் ராஜமாணிக்கத்துக்கும் நடுவில்

பகாவ் பட்டணம், டயர்க் கடைக்கு மேல்மாடி.
ஹலிமாத்தூன் வருகிறாள் என்பதால் மாமாக் கடை.
தனபாலன் அச்சகம் வைத்திருக்கிறான்.
ஐந்தாம் படிவம் 'பி', எண்பத்து நான்கு:
குழுப்படத்தைப் பத்தடி பேனராக்கித் தொங்கவிட்டிருந்தான்.
இழுத்துப் பெரிதாக்கியதில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டது.
கிட்டே போனால் யாருமில்லை.
மேசைக்குத் திரும்பினால் எல்லாரும் இருந்தோம்.

நாற்பது சொச்சம் வருஷத்தைச் சொல்ல
ஆளுக்கு ஐந்து நிமிஷம்.
லெட்சுமணன் ஜொகூர் பாலத்தைத் தினம் மோட்டாரில் கடந்தவன்,
பத்தொன்பது வருஷம். மழைச்சட்டைதான் தன் சீருடை என்றான்.
அஞ்சலைதேவி இரண்டு விவாகரத்தையும்
பஸ்ஸைத் தவறவிட்ட கதைபோலச் சொல்லி முடித்தாள்.
ராஜமாணிக்கம் டாக்டராவான் என்று பள்ளியே பந்தயம் கட்டியது.
"வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்" என்று
ஊசி புடைத்த கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.
தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்த ஓங் பெக் லான்
நாகம்மாளைத் தமிழிலேயே கேட்டாள்:
"ஏண்டி, இன்னும் உனக்குக் கணக்கு வராதா?"

நான், நில அலுவலகம், முப்பத்து நாலு வருஷம்.
தோட்டங்கள் துண்டாகிக் கைமாறும் கோப்புகளுக்கு முத்திரை.
எங்கள் தோட்டத்துக்கும் நான்தான் குத்தினேன்.
அதைச் சொல்லவில்லை.
ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது.

பச்சையப்பன்தான் ஆரம்பித்தான்:
"மூணாவது வரிசை, கடைசியிலிருந்து ரெண்டாவது. அது யாரு?"

கழுத்துவரை பட்டன் போட்ட பையன்.
கேமரா சொடுக்கிய நேரம் பார்த்துக் கண்ணை மூடியிருக்கிறான்.
அட்டையின் அடிப்பட்டையில் அச்சிட்ட பெயர்களைக்
கரையான் எப்போதோ தின்றுவிட்டது.

பெருமாளா? பொன்னையாவா? ராகவன்?
ராகவன் 'ஏ' வகுப்புடா.
செம்பனை லாரியில் வந்து முச்சந்தியில் குதிப்பானே, என்றாள் ரோஸ்னா.
அவனிடம் வாங்கிய காம்பஸ் இன்னும் என் மேசையறையில், என்றான் தனபாலன்.
நாகம்மாள் யோசித்து யோசித்துச் சொன்னாள்:
"நான் திடல்ல மயங்கி விழுந்தன்னைக்கு என் பையைத் தூக்கிட்டு வந்தான்.
நான் பையைத்தான் பார்த்தேன்."

அப்போதும் வகுப்புத் தலைவியான பாக்கியவதி
கரண்டியால் மேசையைத் தட்டினாள்.
சிக்கு ரம்லா ரூலரால் தட்டுவாரே, அதே வேகம்.
பதிவேட்டைச் சொல்லிப் பார்த்தால் வந்துவிடும்.

அஹ்மட். அஞ்சலைதேவி. தனபாலன். குணசேகர்.
ஹலிமாத்தூன். லெட்சுமணன். லிம் சூன் ஹோக்.
நாகம்மாள். ஓங் பெக் லான். பச்சையப்பன்.
குணசேகரும் சூன் ஹோக்கும் இப்போது இல்லை.
அவர்களுக்கும் யாரோ ஹாடிர் சொல்லிவிட்டோம்,
மட்டம் போட்டவனுக்கு முன்பு சொன்னதுபோலவே.
பாக்கியவதி.

ராஜமாணிக்கம்.

அந்த இடத்தில் எல்லாரும் ஒரு தட்டு நின்றோம்.
யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை.
மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம், அதே தட்டு.
மூன்றாவது முறை
மீ கோரிங் தட்டோடு வந்த பையனும் நின்றுவிட்டான்.

பெயர் வரவில்லை. மீ கோரிங் ஆறியது.
ராஜமாணிக்கத்துக்கு உப்பு ஆகாது, அவன் பங்கைப் பச்சையப்பன் தின்றான்.
படம் எடுத்தோம். கண்ணை மூடாதீங்க என்று
அந்தப் பையன் நாலு தடவை எடுத்தான்.

கோல பிலா சாலையில் தனியாக ஓட்டிவரும்போது
ஸ்டியரிங்கில் விரலால் தட்டிச் சொல்லிப் பார்த்தேன்.
பாக்கியவதி.
அந்த இடைவெளியில் கட்டையும் கீச்சுமாய், உடையத் தொடங்கிய ஒரு குரல்:
ஹாடிர், சிக்கு.

குரல் வந்துவிட்டது.
பெயர் எங்கே இருக்கும் என்றும் தெரியும்.
வீடு காலி செய்த அறுபத்தொரு குடும்பம், ஏழு பக்கப் பட்டியல்,
இன்னாரின் மகன் இன்னார் என்று வரிசையாய்.
படிக்காமல்தான் குத்தினேன்.
பக்கத்துக்கு ஒன்று.

கோப்பறைச் சாவியைப்
போன மார்ச்சில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.