உச்சரிக்காத எழுத்துகள்

பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும் என்றாள் மெஹராஜ்.
அவளுக்கு நீடூர், எனக்கு மேலையூர்.
மயிலாடுதுறைக் கல்லூரியில்
பகுதி ஒன்றில் தமிழைக் கைவிட்ட பதினேழு பேரை
வகுப்பறை ஒதுக்கவில்லை என்று
தாவரவியல் ஆய்வகத்தில் உட்கார வைத்தார்கள்.
ஜாடிக்குள் ஃபார்மலினில் மிதந்த தாழைவேர் ஒன்று
இரண்டு வருஷமும் எனக்கு எதிரே இருந்தது.

முதல் பருவத்தில் எங்களுக்கு
நேற்றும் இல்லை, நாளையும் இல்லை.
நான் மாணவி. அது மேசை. பூனை கறுப்பு.
பாரிசில் எல்லாருக்கும் இருபது வயது,
எல்லாரும் நலம், எல்லாரும் காப்பி குடிக்கிறார்கள்.
முந்தாநாள் அப்பா அம்மாவின் வளையலோடு
செம்பனார்கோவில் போய் வெறுங்கையாய் வந்ததை
அந்த மொழியில் சொல்ல எனக்கு வழியில்லை.
ஒருவிதத்தில் அது நிம்மதியாகவும் இருந்தது.

பெலிசித்தா மிஸ்ஸுக்கு மணிக்கணக்கில் சம்பளம்;
காரைக்கால் பஸ் தாமதமானால்
அந்த மணி அவருக்கு இல்லை.
பலகையில் ஆறு எழுத்து எழுதுவார்,
வாயால் சொல்வது மூன்று.
மிச்சம் மிஸ்? என்றான் திருமாறன்.
மிச்சம் இருக்கும்ப்பா, சத்தம் வராது.
எனக்கு உடனே புரிந்துவிட்டது.
பொதுப்பணித் துறை வரைபடத்தில்
எங்கள் ஊருக்கு நாலு வாய்க்கால்.
பேர் உண்டு, நீளம் உண்டு, மதகு எண் உண்டு.

தண்ணீருக்கு அவர்கள் வைத்த பெயர் ஓ.
மூன்று உயிரெழுத்தைச் செலவழித்து எழுதி
ஒரே மூச்சில் ஊதிவிடுகிறார்கள்.
அந்த ஆனியில் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு
மேலையூர்க் கதவணைக்கு முதல் தண்ணி வந்தபோது
தம்பி கரையில் ஓடிக்கொண்டே கத்தியதும்
அதே ஓதான்.

இரண்டாம் வருஷம் இடைநிலை. புத்தகம் தடித்தது.
இறந்தகாலமே மூன்று தினுசு.
பாரிஸ்காரர்களும் வீடு மாறினார்கள்,
சண்டை போட்டார்கள், வேலை இழந்தார்கள்.
மெஹராஜ் கல்யாணமாகிக் கூத்தாநல்லூர் போனாள்;
வருகைப் பதிவேட்டில் அவள் பேரை
மிஸ் கடைசிவரை வாசித்தார்.

அப்புறம் வந்தது ஒரு விகுதி,
நடக்காததைச் சொல்வதற்கென்றே.
எடுத்துக்காட்டு எழுதச் சொன்னபோது
தண்ணி வந்திருந்தால் விதைத்திருப்போம் என்று
முக்கால் வகுப்பு எழுதியது.
வந்திருந்தால் விற்றிருக்க மாட்டோம் என்று
திருமாறன் எழுதினான்.
எதை என்று மிஸ் கேட்கவில்லை.
வினைத்திரிபை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வுக்குப் புதுச்சேரியிலிருந்து ஓர் அம்மா.
ஊர் எது? சொன்னேன்.
பக்கத்தில் ஆறு உண்டா? உண்டு.
எந்த மாதிரி ஆறு?
கடலில் போய்ச் சேர்ந்தால் அது ஃப்ளேவ்,
இன்னோர் ஆற்றில் விழுந்தால் ரிவியேர்.
இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தவர்கள்
இரண்டிலும் சேராததற்கு ஒன்றும் வைக்கவில்லை.
போன பங்குனியில் பூம்புகாரில் பார்த்திருந்தேன்:
ஒரு வேட்டி அகலம், முன்னால் மணல்மேடு,
அந்தப் பக்கம் அலை.
வலை தூக்கி வந்த ஒருவர்
செருப்பைக் கழற்றாமலே தாண்டிப் போனார்.

மின்விசிறி சுற்றியது. தாழைவேர் அசையவில்லை.
ஸ ஸரே, என்றேன்,
ஸ ஸரே யூன் ஃப்ளேவ்.
கடல்சேர் ஆறாக இருக்கும், இருந்தால்.
அந்த அம்மா பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.
விகுதி சரி, என்றார். பால்தான் தப்பு.
ஃப்ளேவ் ஆண்பால், யூன் பெண்ணுக்குப் போடுவது.
காவிரியை ஆணாய்ச் சொல்ல
வாய் வரவில்லை மேடம் என்பதை
எந்தக் காலத்தில் சொல்வதென்று நான் தேடி முடிப்பதற்குள்
அடுத்த பதிவெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இருபதுக்குப் பதினெட்டு.
எழுத்துத் தேர்வென்றால் பணம் கட்டி
மறுமதிப்பீடு கேட்கலாம்.
வாய்மொழிக்கு அது கிடையாது.
கருவி முக்கூட்டில் இறங்கி
அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.