ஒரு கோடியே பத்தொன்பது

பணகுடிக்குத் தெற்கே, நாற்பத்திரண்டாம் காற்றாலை.
ஆனிக் காற்றில் வேலிக் கம்பி விம்முகிறது.
இரவு இரண்டு பத்துக்கு மீட்டர் கோடியைத் தொட்டது.
மேனேஜர் கேட்ட படத்தை அனுப்பிவிட்டேன்.
அவருக்கு ஏழு சுழி போதும்.

கோடியை உடைத்தால்
ஏழு இரண்டு, ஏழு ஐந்து.
வேறெதுவும் சிதறாது.

நான் இன்னும் பத்தொன்பது யூனிட்டுக்கு நின்றேன்.
பதினாலு நொடிக்கு ஒன்று.
கோடியே ஒன்றைப் பதினொன்று பிரித்தது,
கோடியே மூன்றைப் பதிமூன்று.
ஏழு அசையவில்லை, நம்பிவிட்டேன்;
தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று எங்கிருந்தோ வந்து
அதையும் பங்குபோட்டது.
பதினேழு? இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது. போச்சு.

பிறகு அது.
போன வாரம் ஷிப்டு ஷிப்டாக
நானூற்று நாற்பத்தாறு முறை வகுத்தேன்,
ஒவ்வொரு முறையும் ஏதோ மிஞ்சியது.
கறுப்புப் பெட்டிக்குள் இப்போது
பதினாலு நொடி,
யாருக்கும் பங்கு தராமல்.

காற்றுக்கு என்ன தெரியும்?
இருபது வந்தது,
சாதுவாய் இரண்டாகப் பிளந்து கொடுத்தது.

பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
‘2.15. பகா எண்.’
காலையில் இன்ஜினியர்
சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்:
‘ஜெபரூபி, இது எந்த பார்ட்?
ஸ்டாக்கில் இருக்கா?’