கறுப்புதான் உயிர்

ஜமாலியா தாண்டும்போது நாலு சதவீதம்.
ஓட்டேரியில் இரண்டு.
அயனாவரத்துச் சந்துக்குள் திரும்பியதும்
கையில் வெறும் கண்ணாடி.
வீட்டு எண் அதற்குள்,
ஓடிபி அதற்குள்,
பசியோடு இருந்தவர் பெயர்கூட அதற்குள்.
"கோயில் எதிர்ல" என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.
அயனாவரத்தில் எந்த வீடு
கோயிலுக்கு எதிரில் இல்லை?

அபராதம் பிடித்தார்கள்.
அந்த மட்டன் பிரியாணியை அன்றிரவு
நானும் எழிலரசியும் மகனும் சாப்பிட்டோம்.
நன்றாக இல்லை என்று சொல்லத்தான் பார்த்தேன்.
எலும்பை உறிஞ்சியபடி அவள் சொன்னாள்:
"வண்டியில ஒரு போர்ட் வெச்சிரலாம்.
நானே வெக்கிறேன்."

ரிச்சி தெருவில் முன்னூற்றைம்பது சொல்லி
இருநூற்றெண்பதுக்கு இறங்கினான்.
மழை மூடி உண்டா என்றேன்.
"மழையில ஏன்ணா ஓட்றீங்க?" என்றான்.
மழையில்தான் ஆர்டர் வரும்
என்பது அவனுக்குத் தெரியாதா என்ன.

எதிர் ஒர்க்‌ஷாப் தாஸ் எட்டிப் பார்த்து
"டைரக்டா பேட்டரில குடுத்துரு, அஞ்சு நிமிசம்" என்றார்.
"ராத்திரியெல்லாம் யாருக்குண்ணா ஏறும், பேய்க்கா?"
சாவி லைனில்தான் எடுப்பேன் என்று
ஹெட்லைட் டூமைக் கழற்றினாள்.
உள்ளே மீன் குடல் மாதிரி ஒயர்கள்.
கறுப்பைத் தொட்டு, இது நெகட்டிவ் என்று
நான் மெத்தப் படித்தவன் போலச் சொன்னேன்.
டெஸ்ட் லாம்பு வைத்தாள்.
சாவி திருப்பியதும் கறுப்பில் எரிந்தது.
"இந்த வண்டிக்குக் கறுப்புதான் உயிர்.
பச்சைதான் மண்ணு.
நாலு வருசமா ஓட்ற, தெரியாது?"

அவள் வேலை செய்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கம்.
விடியாத நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ்,
ஏழாம் நம்பர் லைன்,
ஷிஃப்டுக்கு ஆயிரத்து நூறு சார்ஜிங் போர்ட்.
ஆறு வருஷம் அந்தச் சின்ன வாயை மட்டும்
பற்றவைத்தாள்.
முழு போன் அவள் மேசைக்கு வந்ததே இல்லை.
பிறகு ஒருநாள் பஸ் வரவில்லை.
இப்போது அவள் சொந்தப் போன்
ஒயரின் மேல் அரிசி டப்பாவைச் சாய்த்தால்தான் ஏறுகிறது.

ஒயரை உரித்தாள், முறுக்கினாள், ஈயம் வைத்தாள்.
சுருங்கும் குழாயை மாட்டி
தாஸிடம் வாங்கிய லைட்டரால் சூடு காட்டினாள்.
ஃப்யூஸை சீட்டுக்கடியில் கட்டினாள்.
பழைய சைக்கிள் டியூபில் ஒரு நாக்கு வெட்டி
போர்ட்டுக்கு மூடியாக்கினாள்.
கடைசியில் பிடித்து இழுத்தாள்,
ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை.
அங்கே சூப்பர்வைசர் இப்படித்தான் இழுப்பாராம்.
கையோடு வந்துவிட்டால்
அந்த மணி நேரமே கணக்கில் கிடையாதாம்.

வரவில்லை.
நீலமாக ஒரு வெளிச்சம், வெண்டை விதை அளவு.
போனைச் செருகினேன்.
ஏறுகிறது என்று அது சொல்வதற்குள்
பெரவள்ளூருக்கு இரண்டு மசால் தோசை.

இது நடந்து மூன்று வாரம்.
நேற்று ராத்திரி தெருவில் கரண்ட் போனது.
புழுக்கத்தில் விழித்தால் பக்கத்தில் அவள் இல்லை.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
கீழே வண்டியின் மேல் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள்.
என் போன் அவள் காதில், ஒயர் இழுபட,
நியூட்ரல் விளக்கின் பச்சை முழங்காலில்.
"அப்புறம் ரெஜினா,
அந்த மூணாவது ஸ்டேஷன் பொண்ணு
எங்க இருக்கா இப்போ?"
என்று கேட்டுச் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பை வீட்டுக்குள் நான் கேட்டதில்லை.
திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் செல்ஃப் முனகி அடங்கியது.
அவள் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு
எங்கேயோ பார்த்தாள்.
எத்தனை மணி வரைக்கும் என்று நான் கேட்கவில்லை.
கிக்கரை விரித்து உதைத்தேன்.
நாலாவது உதையில் பிடித்தது.