பூஜ்யம் போட்ட இடம்

பேராங் டவுனைத் தாண்டி
செம்பனைக்குள் திரும்பும் சாலையில் பள்ளி.
நான்காம் ஆண்டில் ஏழு பிள்ளைகள்.
எட்டாவது நாற்காலி எனக்கு.
முட்டி இடிக்கும் மேசையில்
வினாடி எண்ணும் கைபேசி,
கட்டம் போட்ட தாள்.

முதுகலைக்கு நான் அளப்பது இதுதான்:
கேள்வி கேட்ட ஆசிரியர்
பதிலுக்கு எத்தனை வினாடி பொறுக்கிறார்.
அம்மாவிடம் சொன்னேன்.
"இதுக்கா பீஸ் கட்டுற?" என்றபடி
கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு
ஓடிவிட்டாள்.
பதிலுக்கு அவளும் பொறுக்கவில்லை.

புனிதமலர் டீச்சர் கேட்கிறார்:
"யுவனேஷ், அரையில பாதி எவ்வளவு?"
ஒன்று
என நான் எண்ணி முடிக்குமுன்
"கால். எழுதுங்க."
அடுத்த கேள்வி.

வெளியே குலை ஏற்றிய லோரி
மேட்டில் கியர் மாற்றும் நேரம்கூட
இந்த அறையில் யாருக்கும் இல்லை.
குற்றமாக எழுதவில்லை இதை.
அவருக்கு மூன்று வகுப்புகள்,
வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றியாக வேண்டிய புள்ளிகள்,
ஒழுகும் கழிப்பறை,
மூன்று முறை கூப்பிட்டும் வராத பைப்புக்காரன்.
சராசரி 0.9 வினாடி என்று போட்டேன்.
அந்தத் தசமத்துக்குள்
பைப்புக்காரனுக்கு இடமில்லை.

யுவனேஷ் சன்னலோரம்.
மூன்று வாரத்தில்
அவன் பெயர் சொல்லி ஐம்பத்திரண்டு கேள்விகள்.
ஐம்பத்திரண்டு பூஜ்யங்கள்.
பூஜ்யம் என்றால் 'பதில் இல்லை'.
விதியை வகுத்தவள் நான்.
ஒரு ஞாயிறு மதியம்,
தே ஓ ஐஸ் கரைவதற்குள் வகுத்தேன்.

தஞ்சோங் மாலிமில்
மோட்டார் கடைக்கு மேல் வாடகை அறை.
லி பெங் மேகி கிண்டுகிறாள்,
பாலர் பள்ளி மணல்தொட்டியில்
யார் யாரைத் தள்ளினார்கள் என்பது அவள் ஆய்வு.
நான் காதில் செருகி
பதினேழாம் ஒலிப்பதிவை எழுத்தாக்குகிறேன்.
காற்றாடி. லோரி. "கால். எழுதுங்க."
பென்சில் சீவும் சத்தம்.
அடுத்த கேள்வி, அதற்கான பதில்,
யாரோ நாற்காலி இழுக்க,
எல்லாவற்றுக்கும் அடியில்
பதினோராம் வினாடியில்
ஒரு குரல், தனக்கே சொல்வதுபோல:
"எதுல அரை, டீச்சர்?"

மூன்று தடவை பின்னால் ஓட்டினேன்.
ரொட்டியிலா, மைலோ டின்னிலா,
ஒரு நாள் சம்பளத்திலா.
எதில் என்று தெரியாமல்
எப்படி அரை,
அதில் எப்படிப் பாதி?
லி பெங் கேட்டாள், "ஏன் அழுற?"
"மேகி காரம்," என்றேன்,
இன்னும் வாயில் வைக்காமல்.

கேள்விக்கு என் தாளில் கட்டமே இல்லை.

விடிய விடியக் கேட்டதில்
ஐம்பத்திரண்டில் பத்தொன்பது இடத்தில் அவன் இருந்தான்.
மற்றவை நிஜமாகவே அமைதி,
அல்லது லோரி.

டாக்டர் நோர்ஹயாத்தி தாள்களைப் புரட்டினார்.
"ஒரு பையன்தானே. அடிக்குறிப்பில் போடலாம்.
இல்லை, விதியை மாற்றி முதலிலிருந்து எண்ணலாம்.
இன்னொரு செமஸ்டர் ஆகும்.
எது?"
கேட்டுவிட்டுப் பொறுத்தார்.
பழக்கதோஷம், எண்ணினேன்.
ஆறு வினாடி.
அம்மாவின் இரவு ஷிப்டுகளை
அதற்குள் ரிங்கிட்டில் பெருக்கி
"முதல்லேர்ந்து" என்றேன்.

கேண்டீனில் புனிதமலர் டீச்சர்
ஒரு காதில் மாட்டிக் கேட்டார்.
கறிபாப் ஆறிப்போனது.
"வாய் அசையும், பாத்திருக்கேன்.
கூட்டல் போடுறான்னு நெனச்சேன்,"
என்று மட்டும் சொன்னார்.
மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன்.
மணி அடித்தது.

திங்கட்கிழமை.
புதுத் தாள், புதுக் கட்டங்கள்.
"யுவனேஷ், முக்காலுக்கும் அரைக்கும் எவ்வளவு வித்தியாசம்?"
டீச்சர் கைகட்டி நின்றார்.
நான்கு. ஐந்து.
தர்ஷிகா கை தூக்கினாள், பார்வையால் அடக்கினார்.
எட்டு.
லோரி வந்தது, போனது.
பதினொன்றில் அறையே மூச்சைப் பிடித்திருக்க
பதினான்கில் அவன் எழுந்தான்:

"டீச்சர், ஒண்ணுக்குப் போகட்டா?"

ஆறு பிள்ளைகளும் சிரித்தார்கள்.
டீச்சரும்.
"போ. பக்கத்துக் கதவு. அது இன்னும் ஒழுகுது."

கட்டத்தில் 14 என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தை
அவன் திரும்பி வரும்வரை
காலியாக விட்டேன்.