இடுப்பளவு நீர்

செந்தூலில் வெள்ளம் ஏறிய மாலை
தையற்காரர் குணாளன்
மிஷினைத் தலையில் வைத்து நடந்து வந்தார்.
எடுத்தேன்.
வலது மூலையில் என் பெயர், சின்னதாய்,
மிதந்த ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில்.

விடிவதற்குள் அவர் சென்னையில் நடந்தார்.
மதியம் டாக்காவில்.
பிறகு ஒரு காப்புறுதிக் கம்பெனி
ஜாலான் ஈப்போ பஸ் ஸ்டாப்பில் ஒட்டியது:
‘கவலையை எங்களிடம் விடுங்கள்.’
மூலையை வெட்டியிருந்தார்கள்.
என் பெயரோடு
செருப்பும் போயிற்று.

போன் செய்தேன்.
‘நெட்ல கெடந்துச்சு சார்’ என்றாள் ஒரு பெண்,
ரோட்டோரம் விழுந்த தேங்காயைச் சொல்வதுபோல.
பில் அனுப்பினேன். கூடவே
செருப்பிருக்கும் மூலப்படம்.
பதினொரு நாளாகிறது.

நேற்று கால்சட்டை மடித்துத் தைக்கப் போனேன்.
‘ஒனக்கு எவ்ளோ கெடச்சுச்சு?’
ஒன்றுமில்லை என்றேன்.
நம்பவில்லை.
என்னைக் கேட்டா எடுத்தாய் என்று
அவர் கேட்கவில்லை.
கேட்டுவிடுவாரோ என்று
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சேற்றுக்கோடு இன்னும் இருந்தது, இடுப்புயரத்தில்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.
ஆறு வெள்ளி.
கொடுத்ததை
இரண்டு முறை எண்ணினார்.