நூற்றைம்பது சொற்களுக்குள்

"உங்கள் பிள்ளையின் இயல்பை
நூற்றைம்பது சொற்களுக்குள் எழுதுக."
பெற்றோர் மட்டும் நிரப்ப வேண்டிய பக்கம்.

பாலக்கோடு மண்டியில்
பதினாறு வருடமாகத் தக்காளி தரம் பிரிக்கிறேன்.
கையில் எடுத்ததும் சொல்லிவிடுவேன்:
இது சென்னை வரை தாங்கும்,
இது சேலத்தோடு சரி,
இது இன்றைக்கே குழம்பில் விழ வேண்டியது.
பதினேழு வருடமாக வீட்டிலிருப்பவளைப் பற்றி எழுத
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

"அமைதியான பொண்ணுன்னு போடுங்க"
என்றாள் மல்லேஸ்வரி.
ஆறாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் மேடையேறி
"இந்தத் தலைப்பில் எனக்கு உடன்பாடு இல்லை"
என்று மட்டும் சொல்லிவிட்டு
இறங்கி வந்தாளே,
அந்த அமைதியா?

"கடின உழைப்பாளி"
வகுப்பாசிரியர் எழுதிக் கொடுத்த வார்த்தை.
ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றில் முப்பத்தாறு வாங்கினாள்.
முப்பத்தைந்து போதும்,
ஒன்று பாதுகாப்புக்கு என்றாள்.
கணக்கிலும் இயற்பியலிலும்
யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை.

"பேரு இருக்கிற காலேஜாப் பாத்துப் போடு,
மத்ததெல்லாம் தானா வரும்"
இது மண்டிக்காரர் முனிரத்தினம்.
அவர் மகனுக்குப் பெயர் வந்தது,
தூக்கம் போய்விட்டது.
மூன்றாம் செமஸ்டரில் வீட்டுக்கு வந்தவன்
இப்போது பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிறான்.
அதை யாரும் பேசுவதில்லை,
நானும்.

கிரேடு கணக்குத் தாளின் பின்பக்கம்
ஏழு கல்லூரிகள் எழுதினோம்.
எத்தனை பேருக்கு ஒரு சீட் என்று
நான் ஒரு கட்டம் போட்டேன்.
நிரஞ்சனா பக்கத்தில் இன்னொன்று போட்டாள்:
தனியாகச் சாப்பிட்டால்
யாராவது வந்து என்னாச்சு என்று கேட்பார்களா?
அந்தக் கட்டத்தை
எந்த விளம்பரப் புத்தகம் பார்த்தும்
நிரப்ப முடியவில்லை.

அதனால்தான் விடிகாலை ரயில்.
ராயக்கோட்டை தாண்டும்வரை தூங்கினாள்.
ஓசூரில் எழுந்து
"ரெண்டு நிமிஷம் லேட்" என்றாள்.

முதல் கல்லூரி முழுக்கக் கண்ணாடி.
நாற்பது இடம், மூவாயிரம் விண்ணப்பம்.
என் செருப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
சுற்றிக் காட்டிய பையன்
மூச்சு விடாமல் பேசினான்,
"இங்க எல்லாரும் ஒரே குடும்பம், அங்கிள்."
என் சட்டைக்கையை இழுத்தாள்.
"அப்பா, நம்ம குடும்பமே எனக்குக் கொஞ்சம் அதிகம்."

இரண்டாவது ஊர்க்கோடியில்.
சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்,
அதுவும் சுலபத்தில் எடுக்காத இடம்தான்,
நூற்றில் மூன்று பேர்.
ஆய்வகத்தில் ஒல்லியான உதவியாளர் ஒருவர்.
காலையிலிருந்து மூடியிருந்த வாயைத் திறந்தாள்:
"இங்க ஏதாவது உடைஞ்சா
தூக்கிப் போடுவீங்களா, திறந்து பாப்பீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை.
ஒரு இழுப்பறையை இழுத்தார்.
செத்துப்போன கருவிகளின் திருகுகள், வில்லைகள்,
மாத்திரை டப்பாக்களில்
அளவுவாரியாக.

அன்று நாங்கள் மதியம் சாப்பிடவில்லை.
திரும்பும் ரயிலைக்கூட
ஓடித்தான் பிடித்தோம்.

எடுப்பார்களா தெரியாது.
நூற்றில் தொண்ணூற்றேழு பேரும்
யாரோ ஒருத்தருடைய பிள்ளைதான்.
ஏழில் ஐந்தை அடித்துவிட்டாள்.
கண்ணாடிக் கல்லூரியை
நான் அழிக்கச் சொல்லவில்லை,
அவளும் கேட்கவில்லை.

இரவு பதினொன்றுக்கு எழுதினேன்:
"போன ஆடியில் மண்டித் தராசு
எடை தப்பாகக் காட்டியது.
என் மகள் திறந்து பார்த்தாள்.
உள்ளே பல்லி முட்டை இரண்டு.
பொரியும்வரை மூடக் கூடாது என்றாள்.
முதலாளி திட்டியும் கேட்கவில்லை.
பத்தொன்பது நாள் பழைய தராசில் நிறுத்தோம்.
இப்போது எடை சரியாக இருக்கிறது."

மிச்சக் கட்டம் வெள்ளையாகக் கிடந்தது.
சேர்க்க எதுவும் தோன்றவில்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே படித்தாள்.
நல்லாயிருக்கு என்றோ
இதையெல்லாமா எழுதுவாங்க என்றோ
சொல்லவில்லை.
பேனாவை வாங்கி
பத்தொன்பதை அடித்து
இருபத்தொன்று என்று திருத்தினாள்.